நேற்று 23 பேர், இன்று 5 பேர்: லைவில் ஆள் குறைந்தால் என்ன செய்வது?

கேள்வி: பாலக்கோட்டில் இருக்கிறேன். வேலை முடிந்து வந்து, வாரம் மூன்று நாள் ராத்திரி 9 மணிக்கு யூடியூபில் லாரி ஓட்டும் கேமை லைவ் போடுகிறேன். காசுக்காக இல்லை, ஆசைக்குத்தான். செவ்வாய்க்கிழமை 23 பேர் இருந்தார்கள், வியாழக்கிழமை 5 பேர். கேமை மாற்றுவதா, நேரத்தை மாற்றுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம், தம்பி.

20 காசுகளைச் சுண்டிப் பாருங்கள். சராசரியாக 10 தலை விழும். ஆனால் ஒரு தடவை 7, இன்னொரு தடவை 13 விழுவதும் சகஜம். அதற்குக் காசைக் குறை சொல்ல மாட்டோம். உங்களுக்கு வழக்கமாக வருகிற 20 பேரும் அப்படித்தான், ஒவ்வொருவரும் அன்றைக்கு வரலாம், வராமலும் போகலாம். போதாததற்கு, அவர்கள் சேர்ந்தே வராமல் போவார்கள். ஓசூரில் ஷிப்ட் மாறும், ஐபிஎல் மேட்ச் இருக்கும், ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போயிருப்பார்கள். லட்சம் பேர் பார்க்கிற சேனலில் இதெல்லாம் கரைந்துவிடும். உங்களிடம் நாலு பேர் வராவிட்டாலே பளிச்சென்று தெரியும்.

அந்த 23 எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். யூடியூப் ஸ்டுடியோவில் அனலிடிக்ஸைத் திறந்து, பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று பாருங்கள். முகப்புப் பக்கத்தில் யூடியூபே காட்டி வந்தவர்கள்தான் அதிகம் என்றால், அது அன்றைக்கு அடித்த மழை. அதை வைத்து ஏரியை அளக்கக் கூடாது.

ஒரு நோட்டில் கடைசி 10 லைவின் சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கையை எழுதுங்கள். உச்ச எண்ணிக்கை வேண்டாம், அது ஆளை ஏமாற்றும். சிறியதில் இருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் வருகிற இரண்டு எண்களின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் உண்மையான கூட்டம். அடுத்த 10 லைவிலும் அந்த நடு எண் இறங்கினால் அப்போது யோசிக்கலாம். அப்போதும் நேரம், கேம் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாது. நெட் திணறினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். வீடியோ தரத்தை 1080-இல் இருந்து 720 ஆக்குங்கள்.

லைவின்போது திரையில் தெரிகிற எண்ணின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். சிரிக்காதீர்கள், நான் மாதக்கணக்கில் அப்படித்தான் ஓட்டினேன். அதற்கு முன்பு ஒருநாள், "என்னங்க, இன்னைக்கு யாருமே இல்லையே" என்று சொல்லிவிட்டேன். சாட்டில் ஒருவர், "அப்ப நாங்க யாருண்ணே?" என்று கேட்டார். வந்திருக்கிற 5 பேரிடம் வராத 18 பேரைப் பற்றிப் புலம்புவது அவமரியாதை. அப்புறம், கேம் லைவுக்கே பேர்போன ட்விட்ச் தளத்தில் அஃபிலியேட் ஆவதற்கே, அதாவது லைவில் காசு பார்க்கிற முதல் படிக்கே, பார்வையாளர் கணக்கில் சராசரி 3 பேர் போதும் என்றுதான் வைத்திருந்தார்கள். 5 ஒன்றும் கேவலமான எண் இல்லை.

சாட் அமைதியானால் லாரியைப் பற்றிப் பேசுங்கள். தொப்பூர் கணவாய் பக்கத்து ஊர்க்காரர் நீங்கள். ஏறின கியரிலேயே இறங்கணும் என்று டிரைவர்கள் ஏன் சொல்கிறார்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடாகி எப்படிப் பிடிப்பு போகும் என்று சொன்னால், பிறகு பதிவாகப் பார்க்கிறவரும் உட்கார்ந்து கேட்பார். 12 மணி நேரத்துக்குள் முடிகிற லைவ் தானாகவே சேனலில் பதிவாகிவிடும்.

ஊரில் பாரதக் கூத்து நடக்கிற ராத்திரிகளில் லைவே போடாதீர்கள். முந்தின நாளே சேனலில் ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு நீங்களும் கூத்துக்குப் போங்கள். உங்கள் 20 பேரில் பாதிப்பேர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.