வேரடியில் நடக்கும் கொடுக்கல் வாங்கல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பல, மண்ணுக்குள் நடப்பதைப் பற்றியவை. தாவரங்களும் நுண்ணங்கிகளும் சேர்ந்தே கூர்ப்படைந்து வந்த கதையைத் தனிக் கட்டுரையாகவும் எழுதலாம். ஆனால் நீங்கள் சாடியிலும் தோட்டத்திலும் கண்டதை வைத்துப் பேசுவதே எனக்குப் பிடித்திருக்கிறது. வாசிக்கும்போது ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டு வாருங்கள்: ஒரு தாவரம் தன் கூட்டாளியைத் தாயிடமிருந்து விதையோடு பெறுகிறதா, அல்லது முளைத்த பிறகு மண்ணில் தேடிப் பிடிக்கிறதா? அந்தக் கூட்டு எந்தப் பக்கம் போகும் என்பதைப் பெரும்பாலும் இதுதான் தீர்மானிக்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி: மொட்டைமாடியில் பயற்றங்காய் நட்டேன். தும்புச்சோறும் கூட்டெருவும் கலந்த சாடி. இரண்டு வாரத்துக்கொருமுறை கொஞ்சம் யூரியாவும் போட்டேன். காய் ஓய்ந்ததும் பிடுங்கிப் பார்த்தால் வேரில் ஒரு சிறுகணுவும் இல்லை. ஏன்?

சிறுகணு என்பது வேரில் உருவாகும் சிறு உருண்டை; அதற்குள் பற்றீரியா குடியிருந்து வளியின் நைதரசனைப் பிடித்துத் தாவரத்துக்குக் கொடுக்கிறது. அது ஏன் இல்லை என்பதற்கான காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. தும்புச்சோற்றில் பயற்றங்காயின் வேர்ப் பற்றீரியா இருக்க வாய்ப்புக் குறைவு. அது இருந்திருந்தாலும் யூரியா கதவைச் சாத்தியிருக்கும். நைதரசன் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது அவரையத் தாவரம் (பயறு, அவரை, சோயா குடும்பம்) சிறுகணு வளர்க்கச் செலவழிப்பதில்லை. அப்புறம், காய் ஓய்ந்த பிறகு பார்த்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் நல்ல சிறுகணுக்கள்கூட அழுகி உதிர்ந்துவிடும்.

அடுத்த முறை, முன்பு பயற்றங்காயோ கௌபியோ நன்றாக விளைந்த தோட்டத்து மண்ணில் இரண்டு கைப்பிடி சேருங்கள். இரண்டும் ஒரே இனம்தான். கூட்டாளி விடயத்தில் அதிகம் பிகு பண்ணாத இனம். யூரியாவை நிறுத்துங்கள். பூக்கத் தொடங்கும்போது ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். இழுத்துப் பிடுங்கினால் சிறுகணுக்கள் மண்ணிலேயே தங்கிவிடும். மிளகு அளவில் உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெள்ளையாக இருந்தால் நடக்கவில்லை, பச்சையோ சாம்பலோ என்றால் அதன் காலம் முடிந்துவிட்டது. அந்தச் சிவப்பு நம் இரத்தச் சிவப்பின் உறவுப் புரதம். நைதரசனைப் பிடிக்கும் நொதியத்தை ஒட்சிசன் கெடுத்துவிடும் என்பதால், ஒட்சிசனை அளந்து அளந்து கொடுக்க இந்தப் புரதம் தேவைப்படுகிறது.

இந்தச் சந்திப்பு எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நைதரசன் பற்றாத வேர் பிளேவனொயிட்டு என்ற வேதிப்பொருள்களை வெளிவிடுகிறது. பற்றீரியா அதை உணர்ந்து தன் பங்குக்கு ஒரு வேதிச் சைகை அனுப்புகிறது. சைகை பொருந்தினால் வேர்மயிர் சுருண்டு வழி விடுகிறது. இந்தச் சைகையை வாங்கும் ஏற்பாட்டில் பெரும்பகுதி பற்றீரியாவுக்காக உருவானதே அல்ல. அதற்கு வெகுகாலம் முன்பே, தாவரத்தோடு கூட்டுச் சேரும் பங்கசுகளுக்காக உருவானது. ஸ்கொட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி 70 இலட்சம் ஆண்டு பழைமையான தாவரச் சுவடுகளின் கலங்களுக்குள் பங்கசு மரம்போலக் கிளைத்து நிற்பது தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தாவரங்களுக்கு ஒழுங்கான வேரே கிடையாது. வேர் என்ற உறுப்பு உருவாகும் முன்பே பங்கசு வந்து சேர்ந்துவிட்டது. அவரையங்கள் பிற்காலத்தில் அந்தப் பழைய வழியையே பற்றீரியாவுக்கும் திறந்துவிட்டன.

கொட்டாஞ்சேனையிலிருந்து உயர்தர உயிரியல் மாணவி: மிஸ், வேரில் இருக்கும் பற்றீரியா நைதரசன் கொடுக்காமல் சீனியை மட்டும் எடுத்துக்கொண்டு இருக்கலாம்தானே? ஏமாற்றுபவைதானே இயற்கைத் தேர்வில் வெல்ல வேண்டும்?

மகள், நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பாடப்புத்தகம் "இருவருக்கும் நன்மை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவதால் இந்தக் கேள்வி பலருக்கு வருவதில்லை.

ஏமாற்றும் வகைகள் மண்ணில் உண்மையாகவே இருக்கின்றன. அவரையம் தன் பற்றீரியாவை மண்ணிலிருந்து புதிதாகப் பிடிப்பதால், எது நல்லது எது கெட்டது என்று முன்கூட்டியே அதற்குத் தெரியாது. உள்ளே விட்ட பிறகுதான் கணக்குப் பார்க்க முடியும். தாவரம் அப்படிக் கணக்குப் பார்க்கிறது என்பதை 2003-இல் டோபி கியர்ஸும் சகாக்களும் சோயாவில் காட்டினார்கள். வேரைச் சுற்றியிருந்த வளியில் நைதரசனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆகன் வாயுவை நிரப்பினார்கள். பற்றீரியா நல்லதுதான், ஆனால் பிடிப்பதற்கு நைதரசன் இல்லை. தாவரத்தின் பார்வையில் அது வேலை செய்யாத பற்றீரியா. அந்தச் சிறுகணுக்களுக்குப் போகும் ஒட்சிசனைத் தாவரம் குறைத்தது. உள்ளிருந்த பற்றீரியாக்களின் பெருக்கம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஒரே வேரில் ஒரு சிறுகணுவைத் தண்டித்து, பக்கத்திலிருப்பதை வளரவிடவும் அதற்கு முடிகிறது. பரீட்சைக்கு இது வராமல் போகலாம், ஆனாலும் இந்தப் பரிசோதனையின் வடிவமைப்பை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஒரு மாறியை மட்டும் மாற்றுவது என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்த பகுதி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பசளையாக நைதரசன் தாராளமாகக் கிடைத்து, தாவரம் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் மிச்சிகனில், 22 ஆண்டுகள் நைதரசன் பசளை இட்டு வந்த நிலத்துண்டுகளிலும் இடாத துண்டுகளிலும் இருந்து பற்றீரியாக்களை எடுத்துக் குளோவர் என்ற அவரையச் செடிகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வெளிவந்தது. பசளை இட்ட நிலத்துப் பற்றீரியாக்கள் சேர்ந்த செடிகள் சிறுத்திருந்தன. பற்றீரியாவின் குணமே மாறிவிட்டது. பசளை ஒரு பருவத்துக்குத்தான், ஆனால் அது வளர்த்துவிட்ட மோசமான கூட்டாளி மண்ணில் தங்கிவிடுகிறது. நம் விவசாயிகளிடம் இதை யாராவது அக்கறையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டாளியாகும் மரபணுக்கள் ஒரு பொதியாக ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. நியூசிலாந்தில் ஒரு தீவன அவரையத்துக்கு ஒரே ஒரு வகைப் பற்றீரியாவைச் சேர்த்து நட்டார்கள். ஏழாண்டு கழித்துப் பார்த்தால், அந்த மண்ணில் ஏற்கனவே வாழ்ந்த வேறு பற்றீரியாக்கள் அந்தப் பொதியைப் பெற்றுக்கொண்டு சிறுகணுக்களுக்குள் இருந்தன. பரம்பரை பரம்பரையாகக் காத்திருக்காமல் ஒரே தாவலில் கூட்டாளியாகிவிடலாம் என்றால், கூர்ப்பைப் பற்றி நாம் போட்டுவைத்த கிளைமரப் படத்தில் குறுக்குக் கோடுகளும் வரைய வேண்டும்.

மட்டக்குளியிலிருந்து: கடையில் விற்கும் மைக்கொரைசாப் பொதியை முளைக்கீரைக்கும் கோவாவுக்கும் போடலாமா?

வேண்டாம், காசு வீண். மைக்கொரைசா என்பது தாவர வேரோடு பங்கசு சேரும் கூட்டு. கோவா, ராபு, நோக்கோல், கடுகு எல்லாம் ஒரே குடும்பம். பங்கசுக் கூட்டை அது எப்போதோ கைவிட்டுவிட்டது. முளைக்கீரையின் குடும்பமும் பெரும்பாலும் அப்படியே. தனித்தனியாகக் கைவிட்ட குடும்பங்களை ஒப்பிட்டபோது, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ அதே மரபணுக்கள் காணாமல் போயிருந்தன. பயன்படாத கருவியைக் கூர்ப்பு பேணிக் காப்பதில்லை. மிளகாய், தக்காளி, வெங்காயத்துக்குப் பங்கசு உதவும். ஆனால் நல்ல தோட்டத்து மண்ணில் அது ஏற்கனவே இருக்கும்.

தெஹிவளையிலிருந்து: என் வந்தா ஓர்கிட்டில் காய் முற்றி வெடித்தது. தூள்போல வந்த விதையைத் தென்னந்தும்பில் தூவினேன், ஒன்றும் முளைக்கவில்லை. விதை பழுதா?

விதை பழுதாக இருக்க வேண்டியதில்லை. ஓர்கிட் தன் குஞ்சுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்காமல் அனுப்புகிறது. ஒரு பயற்றம் விதைக்குள் முளை வேர் விடும்வரை தேவையான உணவு இருக்கும். ஓர்கிட் விதையில் அது ஏறத்தாழ இல்லை. சரியான பங்கசு வந்து விதைக்குள் புகுந்தால், அந்தப் பங்கசைச் செரித்துத்தான் முளை வளரும். பிரான்சின் நோயல் பெர்னார் 1899-இல் இதைக் கண்டறிந்தார். 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சீனி கலந்த ஏகார் என்ற கூழில் பங்கசு இல்லாமலே முளைக்கவைக்கலாம் என்று காட்டினார். நீங்கள் கடையில் வாங்கும் கண்ணாடிப் போத்தல் கன்றுகளின் வழி அதுதான்.

இந்தக் கூட்டில் தொடக்கத்தில் கொடுப்பது பங்கசு மட்டும். சில இனங்கள் வளர்ந்த பிறகு இலையில் செய்த சீனியைத் திருப்பிக் கொடுக்கின்றன. வேறு சில ஓர்கிட்கள் பச்சையத்தையே இழந்து, ஆயுள் முழுக்கப் பங்கசிடம் வாங்கியே வாழ்கின்றன. முன்பு அந்த மாணவி பற்றீரியா ஏமாற்றாதா என்று கேட்டார். இங்கே வாங்கிவிட்டுக் கொடுக்காமல் இருப்பது தாவரம்.

வீட்டில் செய்து பார்க்க ஆசையென்றால், தாய்ச்செடியின் வேர் ஓடிய பழைய தும்பின் மேலேயே விதையைத் தூவுங்கள். பலன் நிச்சயமில்லை, ஆனால் சரியான பங்கசு அங்கே இருந்தால் முளைக்கும்.

வத்தளையிலிருந்து: கோழிக்காக அசோலா வளர்க்கிறேன். பசளையே போடாமல் இப்படிப் பரவுகிறதே, இதற்கும் பற்றீரியாதான் காரணமா?

ஆமாம், ஆனால் இது வேறு மாதிரி உறவு. அசோலா என்ற இந்த நீர்ப் பன்னத்தின் ஒவ்வோர் இலையிலும் ஒரு சிறு குழி உண்டு. அதற்குள் நொஸ்ரொக் வகை நீலப்பச்சைப் பற்றீரியா குடியிருந்து வளியின் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது. மண்ணில் தேடும் வேலையே இல்லை. வித்தியோடு சேர்ந்து அடுத்த தலைமுறைக்கும் அதுவே போகிறது. இப்படித் தலைமுறை தலைமுறையாக வெளியே போகாமல் வாழ்ந்தால் என்னாகும்? 2010-இல் அதன் மரபணுத்தொகுதியை முழுதாக வாசித்தபோது, ஏராளமான மரபணுக்கள் உடைந்து செயலற்றுக் கிடந்தன. நைதரசன் பிடிக்கும் மரபணுக்கள் மட்டும் ஒழுங்காகப் பேணப்பட்டிருந்தன. இனி அதனால் தனியாக வாழ முடியாது. இங்கே ஏமாற்றவும் வழியில்லை: தாவரம் அழிந்தால் அதுவும் அழியும்.

நம் பாவட்டையிலும் இப்படியொன்று நடக்கிறது. பாவட்டை இனங்கள் பலவற்றின் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கரும்புள்ளிகள் தெரியும். நோயென்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். அவை பற்றீரியா வாழும் முடிச்சுகள். தளிர் நுனியிலிருந்து பூவுக்கும், பூவிலிருந்து விதைக்கும் அவை கூடவே போகின்றன. இவை நைதரசன் கொடுக்கின்றன என்று நெடுங்காலம் நம்பினார்கள். பாவட்டைக்கு உறவான ஓர் ஆபிரிக்கச் செடியின் பற்றீரியாவை ஆராய்ந்தபோது அதற்குரிய மரபணுவே இல்லை. மாறாக, பூச்சிகளுக்கு நஞ்சாகும் ஒரு பொருளைத் தயாரிக்கும் வசதி இருந்தது. பற்றீரியாவை நீக்கினால் அந்தச் செடி வளராமல் குறுகிப்போகிறது.

கடுவெலையிலிருந்து: ஹொர மரக்கன்று ஒன்றைத் தோட்டத்தில் நட்டோம். மூன்று வருடமாக இலை மஞ்சளாகவே நிற்கிறது, வளர்ச்சியும் இல்லை. எல்லாப் பசளையும் போட்டாயிற்று.

நிழலும் வடிகாலும் சரியா என்று முதலில் பாருங்கள். அவை சரியென்றால் பங்கசு இல்லாதது காரணமாக இருக்கக்கூடும். ஹொர, துன் போன்ற மழைக்காட்டு மரங்களின் வேர்நுனியைப் பங்கசு உறைபோல மூடியிருக்கும். காட்டில் மரத்தடியில் மழைக்குப் பின் முளைக்கும் காளான்களில் பல இந்தப் பங்கசுகளுடையவை. காட்டில் ஒரு கன்று முளைக்கும்போது தாய்மரத்தின் பங்கசு அந்த மண்ணில் ஏற்கனவே இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் இருந்திருக்காது.

இந்தக் கூட்டின் வயதுதான் என்னை வியக்க வைக்கிறது. மடகஸ்காரில் மட்டும் வாழும் ஒரு மரக்குடும்பம் ஹொரவின் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு. அதற்கும் இதே வகைப் பங்கசுக் கூட்டு உண்டு. ஆகவே இந்தியாவும் மடகஸ்காரும் பிரிவதற்கு முன்பே, ஏறத்தாழ 8 கோடி 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், இவற்றின் பொது மூதாதையிடம் இந்தக் கூட்டு இருந்தது என்று 2004-இல் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். நிலம் நகர்ந்தபோது மரமும் பங்கசும் சேர்ந்தே பயணித்திருக்கின்றன. கூட்டாளி வந்துசேராவிட்டால் என்னாகும் என்பதை வெப்பநாடுகளில் பைன் நட்டவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். பல இடங்களில், பைன் வளர்ந்த மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை கன்றுகள் மஞ்சளாகி நின்றன.

அதற்காகச் சிங்கராஜவுக்குப் போய் மண் அள்ளாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட வனம், 1988 முதல் உலக மரபுரிமைத் தலமும்கூட. அயலில் யாருடைய காணியிலாவது வளர்ந்த ஹொர மரம் இருந்தால், உரியவரிடம் கேட்டு அதன் அடியிலிருந்து ஒரு வாளி மேல்மண் எடுத்துக் கன்றைச் சுற்றி இடுங்கள். பொசுபரசுப் பசளையை நிறுத்துங்கள்.

ஹட்டனில் பிறந்து இப்போது பம்பலப்பிட்டியில் வசிக்கும் ஐயா ஒருவர்: மலையகத்தில் கோப்பி அழிந்ததும் ஒரு பங்கசால்தான் என்பார்கள். எதிரிகளும் இப்படிச் சேர்ந்து கூர்ப்படைகின்றனவா?

நிச்சயமாக, ஐயா. கோப்பியை அழித்தது துரு என்ற இலைநோயை உண்டாக்கும் பங்கசு. துருப் பங்கசும் அதன் தாவரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே மாறுகின்றன. தாவரத்தில் ஓர் எதிர்ப்பு மரபணு வந்தால், அதைத் தாண்டும் மாற்றம் பங்கசில் பரவுகிறது. ஹரல்ட் ஃப்ளோர் என்ற அமெரிக்கர் ஆளிச்செடியின் துருவில் 1940-களில் இதை மரபணுவுக்கு மரபணு பொருத்திக் காட்டினார்.

கோப்பியின் தாயகம் எத்தியோப்பிய மலைக்காடு. அங்கே நிழலில், பல மரங்களுக்கிடையே, வெவ்வேறு மரபு கொண்ட செடிகளாக அது நிற்கிறது. இலங்கைக்கு வந்ததோ சில செடிகளின் வழிவந்த, ஒன்றுபோன்ற கோப்பி. அதையும் மலைமலையாகக் காட்டை வெட்டி நட்டார்கள். 1869-இல் இங்கே துரு பதிவானது. இலையின் அடியில் செம்மஞ்சள் தூள், பிறகு இலை உதிர்வு. 1880-இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து இரண்டாண்டு ஆராய்ந்து, வித்திகள் காற்றில் பரவுவதைக் காட்டினார். ஆனால் அதற்குள் காலம் கடந்திருந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. உங்கள் முன்னோரும் என் முன்னோரும் மலையில் கொழுந்து பறிக்க நேர்ந்ததில் அந்தச் செம்மஞ்சள் தூளுக்கும் பங்குண்டு.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா: மகன் கனடாவில் கறிவேப்பிலை வளர்க்கிறான், சரியாக வரவில்லையாம். ஊர் மண்ணும் கன்றும் அனுப்பினால் அதன் நுண்ணங்கிகளும் போகும்தானே?

போகும், அம்மா. அதனால்தான் அனுப்பக் கூடாது. மண்ணோடு நோய்க்கிருமிகளும் புழுக்களும் போகும்; அனுமதியில்லாமல் மண் கொண்டுவருவதைக் கனடா தடை செய்திருக்கிறது. கறிவேப்பிலைக் கன்றில் ஒட்டிப்போகும் ஒருவகைச் சாறுறிஞ்சிப் பூச்சி தோடை, எலுமிச்சைத் தோட்டங்களையே அழிக்கும் நோயைப் பரப்பும். அதோடு, கறிவேப்பிலை சேரும் பங்கசுகள் ஹொரவுடையவைபோல அல்ல. பல தாவரங்களோடும் சேரும் பொதுவகை அவை. கனடாவின் தோட்ட மண்ணிலும் நெருங்கிய உறவினங்கள் இருக்கும். மகனின் செடிக்குக் குறைவது பெரும்பாலும் வெயிலும் சூடும்தான். கோடையில் வெளியே வைத்து, குளிர் தொடங்கும் முன் உள்ளே தெற்கு யன்னலோரம் எடுத்து, மாரியில் தண்ணீரைக் குறைக்கச் சொல்லுங்கள்.