பதில்: குருவிக்கு வைத்த அரிசியைப் புறா தின்றுவிடுகிறது
மொட்டை மாடியில் குருவிக்கென்று போடும் அரிசியைப் புறாக் கூட்டமே துடைத்துவிட்டுப் போகிறது என்கிறீர்கள். கொஞ்ச நாள் தீனியை நிறுத்துங்கள். புறா வேறு மாடி பார்த்துக்கொள்ளும். பிறகு கம்போ தினையோ ஒரு கைப்பிடி, நாலு செ.மீ. இடைவெளியுள்ள கம்பிக் கூண்டுக்குள். குருவி நுழையும், புறா தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பக்கத்தில் அடர்ந்த செடி வேண்டும், வல்லூறு வந்தால் பதுங்க.

தானியம் மட்டும் போதாது. முதல் சில நாள் குஞ்சுக்குக் குருவி ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியும்தான். அவரைக்கொடியில் ஒட்டும் அசுவினிப் பூச்சிக்கு மருந்தடித்தீர்களோ, அந்தத் தீனி போச்சு! (என் வீட்டில் இதற்குத்தான் தினம் சண்டை.) இட்லிப் பூச்செடி ஒன்று வையுங்கள், தேன்சிட்டும் வரும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும், தினமும் கழுவுங்கள்.