கரை தெரியும் கடல்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போல மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவள்தான். தமிழ்ப்பள்ளியில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றேன். அடுத்த ஆண்டு எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவு. சியாட்டலில் வேலை செய்யும் மகள், எழுபது பேர் மட்டுமே செல்லும் ஒரு சிறிய கப்பலில் அலாஸ்கா கரையோரமாக ஏழு இரவுகள் எங்களை அனுப்பிவைக்க விரும்புகிறாள். மகனோ, அதில் பாதிப் பணத்துக்கே நீச்சல் குளமும் நாடக அரங்கும் உள்ள பெரிய கப்பலில் அதே கரையைப் பார்த்துவிடலாம் என்கிறான். என் கணவருக்கு வயது 68. முழங்கால் வலி உண்டு. நான் சைவம்.

என் பாட்டி ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர். "தண்ணியத் தவிர ஒண்ணும் தெரியல" என்று அந்தப் பயணத்தைப் பற்றிச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி கப்பல் ஏறவே இல்லை. அந்தப் பயம் எனக்குள்ளும் இருக்கிறது. நீங்கள் அந்தக் கரைக்குப் போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளில் யார் சொல்வதைக் கேட்பது?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். மகள் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் கணவரின் முழங்கால் இடம் கொடுத்தால் மட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பாட்டியின் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் கடந்தது வங்காள விரிகுடா. நாகப்பட்டினக் கரை மறைந்த பிறகு பினாங்கு மலை கண்ணில் படும்வரை, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களுக்கு நாள்கணக்கில் நீரைத் தவிர வேறு எதுவும் தெரிந்திருக்காது. நீங்கள் போகவிருக்கும் கடல் அப்படிப்பட்டதன்று. அலாஸ்காவின் தென்கிழக்கில் நிலப்பரப்புக்கு முன்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் அரணாக நிற்கின்றன. அவற்றுக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள நீர்வழியைத்தான் உட்கடல் வழி என்கிறார்கள். பசிபிக் பெருங்கடலின் அலைகளைத் தீவுகள் தாங்கிக்கொள்வதால் உள்ளே நீர் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் எப்போதும் கரை தெரியும். சில இடங்களில் மரத்தின் கிளையில் உட்கார்ந்திருக்கும் கழுகின் வெள்ளைத் தலையைத் தொலைநோக்கி இல்லாமலேயே பார்க்க முடியும். கரையிலிருப்பது டோங்காஸ் என்ற காடு. அமெரிக்காவின் தேசியக் காடுகளில் இதுவே மிகப் பெரியது. ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம் ஏக்கர், அதாவது நம் தீபகற்ப மலேசியாவின் பரப்பில் பாதி. நிரை பிடித்து நட்ட செம்பனையையும் பால்மரத்தையும் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு, எவரும் நடாத ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் கடல்நீரின் விளிம்பிலிருந்து மலையுச்சிவரை ஏறிச் செல்லும் காட்சி பழகவே இரண்டு நாள் ஆகிறது.

உங்கள் மகன் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. பெரிய கப்பலும் அதே கரையோரமாகத்தான் செல்கிறது. நான் முதல் முறை சென்றது அப்படிப்பட்ட ஒன்றில்தான். அறையும் உணவும் குறை சொல்ல முடியாதவை. ஆனால் பத்தாவது தளத்திலிருந்து பார்க்கும்போது கரை ஒரு படமாகவே இருந்தது. முந்நூறு மீட்டர் நீளமுள்ள கப்பலுக்கு ஆழமும் அகலமும் உள்ள வழி வேண்டும், திரும்புவதற்கு இடம் வேண்டும், ஆயிரக்கணக்கானோரை இறக்கிவிடப் பெரிய துறை வேண்டும். ஆகவே அது ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிக்கான் என்று ஊர் ஊராக நின்று, இரவில் ஓடி, மறுநாள் காலை அடுத்த ஊரில் போய் நிற்கிறது. இரண்டு ஊர்களுக்கு இடையில் இருந்ததை நாங்கள் உறக்கத்தில் கடந்தோம். சில ஆண்டுகள் கழித்து, சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, 60 பேர் மட்டும் சென்ற சிறிய கப்பலில் மறுபடி போனேன். அப்போதுதான் அந்த இடைவெளியைப் பார்த்தேன். அந்தக் கப்பல், ஊரே இல்லாத ஏதோ ஒரு குடாவில் இரவில் நங்கூரம் போட்டுவிடும். விடிந்ததும் ரப்பர் படகில் இறக்கிக் கரைக்கு அருகில் அழைத்துச் செல்வார்கள்.

சிட்கா என்ற ஊருக்குச் செல்லும் வழியில் செர்ஜியஸ் நெருக்கு என்றொரு இடம் இருக்கிறது. கடல் அங்கே ஆற்றைப் போலக் குறுகிவிடுகிறது. ஏற்றத்திலும் வற்றத்திலும் நீர் அதற்குள் இழுத்துக்கொண்டு ஓடும். கப்பலுக்கு வழிகாட்டும் மிதவைகளே சாய்ந்து நீரில் அமிழ்ந்துவிடும் அளவுக்கு வேகம் இருக்கும். அதனால் நீரோட்டம் ஓயும் நேரம் பார்த்துத்தான் கப்பல்கள் அதைக் கடக்கின்றன. பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு அந்த வழி ஆகாது; அவை வெளிக்கடலைச் சுற்றி வருகின்றன. நாங்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கோல செபெத்தாங்கில் மீனவர்கள் நீர் ஏறட்டும் என்று படகில் உட்கார்ந்து காத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே பொறுமையைக் கப்பல் தலைவர் ஒருவரிடம் கண்டபோது எனக்கு அவர்மீது பெரும் மதிப்பு உண்டாயிற்று.

இனிக் கிளேசியர் பே எனப்படும் பனியாற்றுக் குடாவைப் பற்றி எழுத வேண்டும். உங்கள் பயணத் திட்டத்தில் அது இருக்கிறதா என்று மகளிடம் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அது இருக்கும் வேறொரு பயணத்தைத் தேடச் சொல்லுங்கள். தேசியப் பூங்காவான அந்தக் குடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை. சிறியவற்றுக்கும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. 1794இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற மாலுமியின் தலைமையில் வந்த ஆங்கிலேயக் கப்பற்குழு அந்தக் கரையை அளந்தபோது அங்கே குடா என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வாயிலையே அடைத்துக்கொண்டு பனி நின்றது. இன்று அந்தப் பனியின் முகத்தைப் பார்க்க நூறு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். இரு நூற்றாண்டு காலத்தில் பனி பின்வாங்கித் திறந்துவிட்ட கடல் அது. உள்ளே செல்லச் செல்லக் கரையில் மரங்கள் சிறுத்து, புதர்களாகி, பாசியாகி, கடைசியில் வெறும் பாறையாகிவிடுகின்றன. அண்மையில் பனி விலகிய இடத்தில் காடு இன்னும் முளைக்கத் தொடங்கவில்லை. பாறையில் மண் எப்படி உண்டாகிறது என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருப்பீர்கள் அல்லவா? அந்தப் பாடம் அங்கே கரையோரமாக வரிசையாகக் கிடக்கிறது.

மார்ஜரி பனியாறு நீருக்கு மேல் ஏறத்தாழ 75 மீட்டர் உயரம் நிற்கிறது. பாதுகாப்பான தொலைவில் கப்பலை நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிட்டார்கள். பனிச்சுவரின் ஒரு பகுதி சாய்ந்து விழுந்தது, ஓசையே இல்லை. ஒரு வினாடிக்கு மேல் கழித்துத்தான் இடி வந்தது. அந்த மண்ணின் டிலிங்கிட் மக்கள் இதை வெள்ளை இடி என்று அழைக்கிறார்கள். ஆனால் என் மனத்தில் அதைவிட ஆழமாகப் பதிந்தது வேறோர் ஓசை. சுற்றிலும் மிதந்த சிறு பனிக்கட்டிகள் அனைத்தும் மெல்லப் பொரிந்துகொண்டிருந்தன, எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போல. பனி இறுகியபோது பல நூற்றாண்டுகளுக்கு முன் உள்ளே சிக்கிய காற்று, கட்டி உருக உருகச் சிறு குமிழிகளாக உடைந்து வெளியேறும் ஓசை அது என்று வழிகாட்டி விளக்கினார். கையளவு கட்டி ஒன்றை அவர் நீரிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். கண்ணாடியைப் போலத் தெளிவாக இருந்தது. காதருகே வைத்துக் கேட்டேன். விரல் மரத்துப்போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். பத்தாவது தளத்தில் நின்றிருந்தபோது இதை நான் கேட்கவில்லை.

அந்தக் குடாவில் கரையில் இறங்கிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். டிலிங்கிட் மக்களில் ஹூனா என்ற பிரிவினரின் ஊர்கள் ஒரு காலத்தில் அங்கே இருந்தன. 18ஆம் நூற்றாண்டில் பனி முன்னேறி வந்து அவற்றை அழித்தது. நாய் ஓடும் வேகத்தில் பனி வந்தது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அவர்கள் நீரிணையைக் கடந்து, இன்று ஹூனா என்றே அழைக்கப்படும் ஊரில் குடியேறினார்கள். பனி விலகிய பின்பும் நிலம் முழுதாகத் திரும்பக் கிடைக்கவில்லை. 1925இல் அது பாதுகாக்கப்பட்ட பகுதியாகி, காலங்காலமாகப் பறவை முட்டை எடுத்துவந்த தீவுகளில்கூட அவர்கள் கைவைக்க முடியாமல் போயிற்று. முட்டை எடுக்கும் உரிமையைத் திருப்பித் தரும் சட்டம் 2014இல்தான் வந்தது. 2016 ஆகஸ்டில் பார்ட்லெட் கோவ் கரையில் அவர்களின் குலங்களுக்கு உரிய பெருவீடு ஒன்று எழுப்பப்பட்டது. திறப்பு நாளில் அவர்கள் படகில் துடுப்புப் போட்டு அங்கே வந்து இறங்கினார்கள். அதன் மரச்சுவரில் செதுக்கிய உருவங்களுக்கு முன் நின்றபோது, நான் பிறந்த தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து மக்களை வெளியேற்றிய பிறகும் செம்பனைக்கு நடுவே தனித்து நின்ற மாரியம்மன் கோயில் நினைவுக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு முறை திருவிழாவுக்கு நாங்கள் வாடகை வண்டிகளில் போய் அங்கே இறங்குவோம். அன்று கப்பலுக்குத் திரும்பிய பிறகு நெடுநேரம் நான் யாரிடமும் பேசவில்லை.

பணத்தைப் பற்றி உங்கள் மகனுக்கு நியாயமான விளக்கம் தர வேண்டும். 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைகளுக்கு இடையில் மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்ல முடியாது; புறப்பட்ட அமெரிக்கத் துறைக்கே திரும்பினாலும் நடுவில் அயல்நாட்டுத் துறை ஒன்றைத் தொட வேண்டும். பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ் போன்ற நாடுகளில் பதிவு செய்யப்பட்டவை; ஆகவேதான் அவை கனடாவின் வான்கூவர், விக்டோரியா போன்ற ஒரு துறையில் நின்றே ஆக வேண்டியிருக்கிறது. ஜூனோவிலிருந்து சிட்காவுக்கோ கெச்சிக்கானுக்கோ நேராகச் செல்லும் சிறிய கப்பல்கள் அமெரிக்காவிலேயே கட்டப்பட்டு, அந்நாட்டுக் கொடியுடன், அந்நாட்டு ஊழியர்களின் சம்பளத்தில் ஓடுபவை. செலவைப் பகிர்ந்துகொள்ளப் பயணிகளும் குறைவு. விலை இரு மடங்காவதற்குக் காரணம் இதுவே. ஏமாற்று எதுவும் இல்லை. உங்களுக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. மலேசியக் கடப்பிதழில் செல்லும் நமக்கு அமெரிக்க விசா நேர்காணலுக்குக் கோலாலம்பூர் போயே ஆக வேண்டும். கனடாவைத் தொடாத கப்பல் என்றால் இன்னொரு விசாவுக்கு அலைய வேண்டியதில்லை.

மழைக்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஜூன் மாதத்திலும் பத்துப் பதினைந்து பாகைக் குளிர் இருக்கும், தூறல் விடாது. என் பயணத்தில் ஒரு நாள் முழுவதும் மூடுபனியில் எதுவும் தெரியவில்லை. படகுப் பயணத்தை நிறுத்திவிட்டார்கள். திட்டமும் மாறலாம். 2025 ஆகஸ்டில் டிரேசி ஆர்ம் என்ற மலையிடுக்கில் பெரும் மலைச்சரிவு ஏற்பட்டுக் கடல் பொங்கியெழுந்தது. அதன் பிறகு அந்த வழியைத் தவிர்க்கும் கப்பல்கள் உண்டு. தலைவர் வேண்டாம் என்று முடிவெடுத்தால் வருந்தாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். சைவ உணவைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் சமையற்காரர் நன்றாகவே கவனித்துக்கொள்வார். ஊறுகாய்ப் புட்டி ஒன்று போதும். கறிவேப்பிலையை மட்டும் பையில் வைக்காதீர்கள், அமெரிக்கச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

இப்போது உங்கள் கணவரின் முழங்கால். எனக்கு உண்மையில் கவலை தருவது இது ஒன்றுதான். இத்தகைய சிறிய கப்பல்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. தளத்துக்குத் தளம் செங்குத்தான படிகள் இருக்கும். மருத்துவரும் பெரும்பாலும் இருக்கமாட்டார். ஏதாவது நேர்ந்தால் கடல்விமானமோ ஹெலிகாப்டரோ வந்துதான் ஜூனோவுக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். ஆகவே மருத்துவ மீட்புச் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் புறப்படாதீர்கள். உணவுக்கூடம் இருக்கும் தளத்திலேயே அறை கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அசையும் ரப்பர் படகில் கால் வைத்து ஏறவும், முழங்கால்வரை ரப்பர் காலணி அணிந்து ஆழமில்லாத நீரில் இறங்கவும் அவரால் முடிய வேண்டும். முடியாவிட்டால் அவர் கப்பலில் தனியே இருக்க நேரும், நீங்களும் அவரை விட்டுப் போக மனமில்லாமல் இருந்துவிடுவீர்கள். அப்படியானால் மகன் சொல்லும் பெரிய கப்பலே உங்கள் இருவருக்கும் ஏற்றது. அதில் கீழ்த்தளத்து வெளிவராந்தா எங்கே இருக்கிறது என்று கேட்டு, பனியாற்றின் முன் நிற்கும் நேரத்தில் மேலே போகாமல் அங்கே போய் நின்றுகொள்ளுங்கள்.

இதைத் தீர்மானிக்க அலாஸ்காவரை போக வேண்டியதில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோல செபெத்தாங்குக்கு வாருங்கள். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் படகுத்துறைப் படிகளில் இறங்கி, ஆடும் படகில் அவர் ஏறட்டும்; சதுப்புநிலக் காட்டைச் சுற்றிவிட்டு வந்து மறுபடி படியேறட்டும். இரண்டு முறை வலியில்லாமல் செய்துவிட்டார் என்றால் அன்று மாலையே மகளுக்குச் செய்தி அனுப்பிவிடலாம். எனக்குப் பழக்கமான படகுக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார். பொறுமையானவர், கை கொடுத்து ஏற்றுவார். நாளைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். என் மழைக்கோட்டையும் தொலைநோக்கியையும் அப்போதே உங்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்.