‘பிக் அப்’ என்றால் எடுப்பது மட்டுமா?

‘பிக் அப்’ என்ற ஆங்கில வினையைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 30 ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவள் என்ற உரிமையில் ஒரு வேண்டுகோள்: பொருள்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். எதை எடுக்கிறார்கள், யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். பொருள் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி (வாழைச்சேனை): டீச்சர், நான் பாசிக்குடாவில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் அறையிலிருந்து இறங்கி வந்து, ‘நோபடி பிக்ஸ் அப்’ என்று கோபப்பட்டார். யாரோ அவருக்கு அழைப்பு எடுக்கவில்லை போலும் என்று நினைத்து, “யார் எடுக்க வேண்டும்?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் இன்னும் சிவந்துவிட்டது.

பதில்: உங்களை இடறிவிட்டது ஆங்கிலம் இல்லை, மகள், நம்முடைய தமிழ். நம் பக்கத்தில் ‘அவருக்குக் கோல் எடுத்தேன்’ என்றால் நான் அவரை அழைத்தேன் என்று பொருள். சென்னையில் ஒருவர் ‘போனை எடுத்தேன்’ என்றால், மணி அடித்தது, எடுத்துப் பேசினேன் என்று பொருள். ஆங்கிலத்தின் ‘பிக் அப்’ இந்த இரண்டாவது வகை. பழைய மேசைத் தொலைபேசியில் ரிசீவரைத் தூக்கினால்தான் பேசலாம். கைப்பேசியில் தூக்குவதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது. அவர் அறையிலிருந்து உங்கள் மேசைக்கு அழைத்திருக்கிறார், யாரும் பதில் சொல்லவில்லை. அழைப்பதற்கு ‘கோல்’ அல்லது ‘ரிங்’, ஏற்றுப் பேசுவதற்கு ‘ஆன்சர்’ அல்லது ‘பிக் அப்’. இந்த இரண்டு சோடிகளையும் மேசையில் ஒட்டி வையுங்கள்.

கேள்வி (காத்தான்குடி): அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். தைத்த உடுப்பை வந்து எடுத்துச் செல்லும்படி வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்ப வேண்டும். ‘பிக் அப்’ எழுதுவதா, ‘கலெக்ட்’ எழுதுவதா?

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். இரண்டும் சரி. பற்றுச்சீட்டிலும் அறிவித்தலிலும் ‘கலெக்ட்’ அடக்கமாக இருக்கும், பழகியவருக்கு அனுப்பும் செய்தியில் ‘பிக் அப்’ இயல்பாக இருக்கும். ஆளைக் கூட்டிவரவும் இரண்டும் பயன்படும்: பிள்ளையைப் பாடசாலையிலிருந்து, மாமாவை ரயில் நிலையத்திலிருந்து. ‘லிஃப்ட்’ மட்டும் இங்கே வேண்டாம். கடையிலிருந்து ஒன்றை ‘லிஃப்ட்’ செய்வது என்றால் பேச்சு வழக்கில் திருடுவது.

கேள்வி (அம்பாறை நகரம்): நான் வகுப்புக்குப் போகாமல் சந்தையில் வேலை செய்தே சிங்களம் கற்றேன். ‘லேர்ன்’ சரியா, ‘பிக் அப்’ சரியா?

பதில்: தம்பி, உங்களுக்குப் ‘பிக் அப்’ அளவெடுத்துத் தைத்த சட்டை. பாடத்திட்டம் இல்லை, ஆசிரியர் இல்லை, காதில் விழுந்ததெல்லாம் நாவில் தங்கிவிட்டது. தமிழில் இதற்கு நேரான சொல்லை நெடுநாள் தேடினேன். என் பேத்தி ஒரு நாள், “அம்மம்மா, முன்வீட்டுப் பிள்ளையின் தடிமன் எனக்கும் ஒட்டிக்கொண்டது” என்றாள். அதுதான்! நமக்கு மொழி ஒட்டிக்கொள்ளும், பழக்கம் ஒட்டிக்கொள்ளும், தடிமனும் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்குமே ‘பிக் அப்’ வரும். வேலை விண்ணப்பத்தில் மட்டும் ‘லேர்ன்’ அல்லது ‘அக்வயர்’ என்று எழுதுங்கள்.

கேள்வி (கல்லடி): வானொலி அலைவரிசையை ‘பிக் அப்’ செய்கிறது என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வானொலிக்குக் கை ஏது, டீச்சர்?

பதில்: உன் ஊரிலேயே விடை இருக்கிறது, மகன். நிலவு நாளில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் போய்ப் வாவிக்குள் பாடுவதாகச் சொல்லும் பாடுமீனைக் கேட்பவர்கள் என்ன செய்வார்கள்? துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு ஒட்டி வைப்பார்கள். நீருக்குள் இருக்கும் அந்த மெல்லிய ஒலி ஈர மரத்தின் வழியே ஏறிக் காதுக்கு வரும். துடுப்பு ஒலியை ‘பிக் அப்’ செய்கிறது. ‘ஹியர்’ என்று சொல்ல முடியாது, கேட்பது துடுப்பு இல்லை, நீதான். ‘டிடெக்ட்’ கிட்ட வரும், ஆனால் அதில் ஆய்வுகூட வாசனை வீசும்.

கேள்வி (அக்கரைப்பற்று): வேளாண்மை வெட்டு முடிந்தால் எங்கள் கடையில் வியாபாரம் எழும்பும். இதற்கும் ‘பிக் அப்’ என்கிறார்களே?

பதில்: ஆம். ‘இம்ப்ரூவ்’ என்பதற்கு இணை, ஆனால் முன்பு படுத்துக் கிடந்திருக்க வேண்டும். காற்று வலுத்தாலும் இதே சொல்தான். மோட்டார் சைக்கிளில் ‘பிக்கப் இல்லை’ என்கிறோமே, அது பெயர்ச்சொல், அழுத்தம் ‘பிக்’கில் விழும். வினையாகும்போது பெரும்பாலும் ‘அப்’பில் விழும்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): ‘பிக் அப் இட்’ என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள்.

பதில்: குறைத்தது சரி. ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்றவை நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘பிக் இட் அப்’. முழுப் பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம். வருந்தாதீர்கள். இப்படி ‘அப்’ போன்ற சிறுசொல் ஒட்டிய வினைகள் அந்நியருக்குப் பெரும் இடர் தருவன என்று சாமுவேல் ஜோன்சன் 1755இலேயே தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில் எழுதிவிட்டார்.

கேள்வி (வந்தாறுமூலை): டீச்சர், எங்கள் பெரியம்மாவின் மகனை 1990இல் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. பெரியம்மாவுக்காக ஆங்கிலத்தில் மனு எழுதுகிறேன். ‘அரெஸ்ட்’ என்பதா, ‘பிக் அப்’ என்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம், மகள். ‘அரெஸ்ட்’ என்றால் சட்டம் இருக்கிறது, காரணம் சொன்னார்கள், பதிவேட்டில் பெயர் ஏறியது என்று வாசிப்பவர் எண்ணுவார். அப்படி நடக்கவில்லை என்றால் அந்தச் சொல் நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டிவிடும். ‘பிக் அப்’ செய்தித்தாளில் வருவதுதான், ஆனால் அது பேச்சுச் சொல், ஒரு தாயின் மனுவுக்கு இலேசானது. ‘டேக்கன் அவே’ என்று எழுதுங்கள், கொண்டுபோனார்கள் என்பதற்கு அதுதான் நேர். யார் வந்தார்கள், என்ன உடையில், எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் கண் முன்னால் என்பதையெல்லாம் அந்த வாக்கியத்தோடு சேருங்கள். தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். பெரியம்மா ‘கூட்டிக்கொண்டு போனார்கள்’ என்கிறாரா, ‘இழுத்துக்கொண்டு போனார்கள்’ என்கிறாரா என்று கவனித்துக் கேளுங்கள். இழுத்துப் போனார்கள் என்றால் ‘டிராக்ட் அவே’. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் தமிழில் அவருக்குச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு கையொப்பம் வாங்குங்கள்.