கடல்காற்று எத்தனை மணிக்கு?

கே: மே மாதத்தில் ஒரு நாள் 37 டிகிரி, மறுநாளே 41. இரண்டு நாளும் வானம் ஒரே மாதிரி வெளுத்துத்தான் கிடக்கிறது. சென்னையில் ஏன் இப்படி? – வாசகி, அம்பத்தூர்

ப: அன்று கடல்காற்று எத்தனை மணிக்கு ஊருக்குள் வந்தது என்று பாருங்கள். முக்கால்வாசி விடை அதில் இருக்கிறது. மே மாதத்தில் வங்கக் கடலின் மேற்பரப்பு 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். தரையோ காலை பத்து மணிக்குள் அதைத் தாண்டிச் சுடும். சூடான காற்று மேலே எழ, தரைமேல் அழுத்தம் குறையும். கடல்மேல் இருக்கும் காற்று உள்ளே புகும். பதினொன்றரைக்குள் புகுந்துவிட்டால் வெயிலின் ஏற்றம் அதோடு சரி.

மறிப்பது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. தக்காண மேட்டிலிருந்து இறங்குகிற காற்று அமுங்கி அமுங்கி இன்னும் சூடாகிறது. மே கடைசியில் அது பலத்துவிட்டால் கடல்காற்று கரையிலேயே நின்றுவிடும். இரண்டு, மூன்று மணிவரை நின்றால் 40 தாண்டும். கடலுக்கு நாலு கிலோமீட்டரில் உள்ள நுங்கம்பாக்கத்தைவிட, பத்து கிலோமீட்டரில் உள்ள மீனம்பாக்கம் பெரும்பாலும் அதிகம் காட்டுவதும் இதனால்தான். அம்பத்தூர் இன்னும் உள்ளே. உங்களுக்குக் காத்திருப்பு கூடத்தான்.

மும்பையில் கதை தலைகீழ். அங்கே கடல் மேற்கே இருப்பதால், மார்ச்சில் கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்று அடித்தால்தான் கொதிக்கும்.

கே: காலையிலேயே இதைக் கணிக்க முடியுமா? – வாசகர், திருவான்மியூர்

ப: ஓரளவு முடியும். ஒன்பது மணிக்குக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். கடலை நோக்கிப் படபடத்தால் மேல்காற்று பலம், அன்று தாமதம்தான். அசையாமல் தொங்கினால் நல்ல சகுனம். விமான நிலைய வானிலை அறிக்கையில் 270 என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று; அது 120 பக்கம் திரும்பியதும் கடல்காற்று வந்துவிட்டது. எண், காற்று வரும் திசையைக் குறிக்கும், போகும் திசையை அல்ல. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

கே: காலையில் ஜில்லென்று வீசும் ஏர்கூலர், மாலையில் பிசுபிசுக்கிறதே? – வாசகி, பெரம்பூர்

ப: கூலரில் கோளாறில்லை. தண்ணீர் ஆவியானால்தான் அது குளிரும். மேல்காற்றில் 40 டிகிரி வெயிலும் 25 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பத்து டிகிரிக்கு மேல் இறக்கும். கடல்காற்றில் 33 டிகிரியும் 70 சதவீதமும் என்றால் மூன்று, நான்குதான். மிச்சமெல்லாம் அறைக்குள் ஈரம். கடல்காற்று வந்ததும் பம்பை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட விடுங்கள். கிழக்கு ஜன்னலோடு மேற்கு ஜன்னலையும் திறக்க வேண்டும். காற்று வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளேயும் வராது.

கே: ஜூன், ஜூலையில் பகலெல்லாம் வெயில், ராத்திரி இடிமழை. அதற்கும் இதுதான் காரணமா? – வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

ப: ஆமாம். இரண்டு காற்றும் சந்திப்பது பல நாள் உங்கள் ஊர்ப்பக்கம்தான். ஈரமான கடல்காற்றும் எதிரே வரும் மேல்காற்றும் முட்டும் கோட்டில் காற்று மேலே தள்ளப்பட்டு இடிமேகம் திரளும். உயரத்தில் வீசும் மேல்காற்று அதைக் கிழக்கே தள்ளும். அதனால் உங்களுக்கு மாலையில், சென்னைக்கு இரவில் மழை. மேல்காற்று மிதமாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு. மிஞ்சினால் கடல்காற்று உள்ளேயே வராது, புழுதிதான் பறக்கும்.