மாப்பிசையும் மரத்தொட்டி: கேள்வி-பதில்

ருமேனியாவில் குடைந்த பழைய தொட்டி ஒன்று வாங்கினேன். சோப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டேன். ஒரு முனை வெடித்துவிட்டது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? (கோவை)

இல்லை, வெடிக்க வைத்தது நீங்கள்தான். என்ன மரம், என்ன நீளம், வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று ஒரு வரிகூட எழுதாமல் விற்றவர் மேல் பழி போடுகிறீர்கள். என்னிடம் பழுதாகி வரும் தொட்டிகளில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

ஒரே கட்டையில் குடைந்த தொட்டியில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடும். இரண்டு முனையிலும் ரேகை அறுபட்டு நிற்கும். பக்கவாட்டை விடப் பத்து மடங்கு வேகமாக ஈரம் போவதும் வருவதும் அந்த முனைகளில்தான். ஊறிய தொட்டியை வெயிலில் வைத்தால் முனை காய்ந்து சுருங்கும். வயிறு இன்னும் உப்பியே இருக்கும். எங்காவது பிளந்துதானே ஆக வேண்டும்? அதனால்தான் குடைபவர்கள் முனையைத் தடிமனாக விடுகிறார்கள்.

மாவு வேலை முடிந்ததும் தொட்டியை அப்படியே விடுங்கள். ஒட்டியிருப்பது காய்ந்ததும் மரச் சுரண்டியால் இழுத்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி பெயர்ந்து வரும். பிறகு உலர்ந்த மாவைத் தூவித் தேய்த்துத் தட்டிவிடுங்கள். பிசுக்கு மிச்சமிருந்தால் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, பிறகு நிழலில் காயவிடுங்கள். அவ்வளவுதான். ஊறவைக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

உங்கள் வெடிப்பு மயிரிழை அளவு என்றால் விட்டுவிடுங்கள். நாணயம் நுழையும் அகலம் என்றால், அந்த ஊர்க்காரர்கள் செய்வது போலக் கம்பியால் தைக்கலாம், வெளிப்பக்கம் தகரப் பட்டை அடிக்கலாம். பசை ஊற்ற வேண்டாம்.

கழுவாவிட்டால் கிருமி சேராதா? (மதுரை)

பின்லாந்தில் ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) மாவுக்கென்று வைத்திருந்த மரத்தொட்டியைக் கழுவவே மாட்டார்கள். இடுக்கில் காய்ந்த மாவுதான் அடுத்த ரொட்டியைப் புளிக்கவைக்கும் உறை. ரஷ்ய, உக்ரைன் வீடுகளின் ‘தேழா’ என்ற மாத்தொட்டியும் அப்படித்தான். புளித்த மாவின் அமிலம் பெரும்பாலான கெட்ட கிருமிகளை அண்டவிடாது. ஆனால் முட்டை, பால், இறைச்சி எதையும் அந்தத் தொட்டியில் கலக்காதீர்கள்.

நல்லெண்ணெய் தடவலாமா?

கூடாது. அது முழுதாகக் காயாத எண்ணெய். மரத்துக்குள் இருந்தே சிக்கு வாடை அடிக்கும், அது ரொட்டியிலும் ஏறும். கடலை எண்ணெயும் அதே கதி. அக்ரூட் எண்ணெய் அல்லது பச்சை ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தடவி, துடைத்து, இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள். பெயின்ட் கடையில் ‘கொதிக்கவைத்த’ ஆளி எண்ணெய் என்று தருவதில் உலோக உப்புகள் இருக்கும். சாப்பாட்டுச் சாமானுக்கு அது ஆகாது.

வார்னிஷ்?

வேண்டாம்.

பலகை சேர்த்து வளையம் போட்ட தொட்டி, குளிர்காலத்தில் ஒழுகுகிறது. (டொராண்டோ)

வீட்டுக்குள் ஹீட்டர் போட்டிருப்பீர்கள். காற்று வறண்டு பலகை சுருங்கிவிட்டது. முதலில் வளையத்தைத் தட்டி இறுக்குங்கள். பிறகு ஓரிரு மணி நேரம் தண்ணீர் நிரப்பி வையுங்கள், பலகை ஊதி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றலாம் என்று நான் சொல்வது இந்த ஒரு வகைக்கு மட்டும். ஒரே கட்டைத் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் குழாயைத் திறக்க வேண்டாம்.

பைபிளில் வரும் ‘மாப்பிசைகிற தொட்டி’ மரமா?

யாத்திராகமம் 8-ஆம் அதிகாரத்தில் தவளைகள் ஏறும் தொட்டிதானே? மரமா மண்ணா என்று வசனம் சொல்வதில்லை.

சந்தையில் வாங்கிய தொட்டியில் குண்டூசித் துளைகள். தட்டினால் மாவு போல் தூள் கொட்டுகிறது. (பெர்லின்)

தூள் புதிதாகக் கொட்டினால் புழு உயிரோடு இருக்கலாம். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். பூச்சி மருந்து அடித்தால் அப்புறம் அதில் மாவு பிசைய முடியாது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் அறையிலேயே விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.