நம்பரை பிளாக் செய்துவிட்டேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 36. அம்மா ஊரில், நான் சென்னையில். ஒரு நாளைக்கு ஆறு போன் வரும். தம்பி மனைவி மாவு அரைக்கவில்லை, தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்பா மாத்திரை போடவில்லை. எல்லாவற்றுக்கும் நான் தம்பியிடம் பேச வேண்டும். பேசினால் அவனுக்குக் கோபம். பேசாவிட்டால், "உன்னைப் படிக்க வைத்ததற்கு இதுதான் பலனா?" என்பார் அம்மா. என் கல்யாணப் புடவையின் நிறம்கூட அவர் முடிவுதான். பிப்ரவரியில் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். நிம்மதியாக இருக்கிறேன். ஆனால் நான் கல்நெஞ்சக்காரியாம், சித்தி மூலம் சொல்லியனுப்புகிறார். இத்தனை வருடம் கேட்டு நடந்தவள் நான். தம்பியை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் ஆறவில்லை. கணவர் வேலை முடிந்து வர இரவு பத்தாகும். 9 வயது மகளோடுதான் என் பேச்சு, அழுகை, சிரிப்பு எல்லாம். தங்கமான பிள்ளை. ஐஸ்கிரீம் கடையில் எது வேண்டும் என்றால்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு எதும்மா பிடிக்கும்?" என்பாள். சில நேரம் அது உறுத்தும், அதை விடுங்கள். சித்திக்கு நான் என்ன பதில் சொல்வது?

அன்புச் சகோதரிக்கு,

"அதை விடுங்கள்" என்று நீங்கள் தாண்டிப்போன இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். உங்கள் மனநிலையைக் கவனித்துக்கொள்ளும் வேலையை மகள் எடுத்துக்கொண்டுவிட்டாள். உங்கள் அம்மாவுக்கு நீங்கள் பார்த்துவந்த அதே வேலை.

அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் 1954 முதல் 1959 வரை, மனச்சிதைவு நோயாளிகளை முதலில் தாயோடும், பிறகு முழுக் குடும்பத்தோடும் வார்டில் தங்கவைத்துக் கவனித்தார். ஒருவரின் பதற்றம் அடுத்தவருக்குத் தாவுவது அங்கே கண்கூடாகத் தெரிந்தது. நெருக்கம் குறையாமல், அந்தப் பதற்றத்தில் கரைந்தும் போகாமல் இருக்கும் திறனை 'டிஃபரன்சியேஷன்' என்றார். அம்மா அழும்போது போனை வைக்காமல், தம்பியிடம் பேசமாட்டேன் என்று குரல் உயர்த்தாமல் சொல்ல முடிவதுதான் அது.

பிளாக் செய்ததை அதில் சேர்க்க மாட்டேன். சத்தம் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். கடிதம் முழுக்க அம்மாதானே இருக்கிறார்? பிறந்த வீட்டோடு இப்படி வெட்டிக்கொள்பவர்கள் அந்தப் பாரத்தைப் பெரும்பாலும் துணைமீதோ பிள்ளைமீதோ இறக்கிவிடுவார்கள் என்றார் போவன். உங்கள் வீட்டில் அது ஐஸ்கிரீம் கடைவரை வந்துவிட்டது.

பிளாக்கை எடுங்கள். ஞாயிறுதோறும் நீங்களே கூப்பிட்டு 15 நிமிடம் பேசுங்கள். தம்பி பேச்சு வந்தால், "அதை அவன்கிட்டயே கேளுங்கம்மா. நீங்க சாப்பிட்டீங்களா?" காரணம் விளக்காதீர்கள், விளக்கினால் வாதமாகும், வாதத்தில் பழைய மகளாகிவிடுவீர்கள். முதலில் "நீ செய்வது தப்பு" என்பார். பிறகு "பழையபடி இரு" என்பார். கடைசியில் "இல்லாவிட்டால் பார்" என்று மிரட்டலாம். இந்த மூன்றாவது கட்டத்தில்தான் பலர் பணிந்துவிடுகிறார்கள், அல்லது மறுபடி பிளாக் செய்கிறார்கள். அப்போதும் அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள்.

மகள் முகம் பார்க்கும்போது, "எனக்குக் களைப்பா இருக்கு, அது சரியாயிடும். உனக்கு எது வேணும்?" என்று கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் காத்திருங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகலாம், எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒருநாள் உங்களுக்குப் பிடித்ததையே "வேண்டாம்" என்பாள். சுருக்கென்று இருக்கும். அன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் அழுகையை இரவு பத்து மணிக்கு வருபவரிடம் சொல்லுங்கள்.

சித்திக்கு, "அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன் சித்தி" போதும்.